கர்ப்பத்தில் ஃபைப்ராய்டு கட்டி: பிரசவத்துக்குத் தாய் வீடு போகலாமா?

பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விவரங்களை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 31. கல்யாணமாகி 6 வருடம் கழித்து இதுதான் முதல் கர்ப்பம். 22 வாரம் முடிந்திருக்கிறது. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வாரம் ஒருமுறை வந்து போகிறார். 12-வது வார ஸ்கேனில் கர்ப்பப்பையில் 6 செ.மீ. கட்டி இருப்பது தெரிந்தது. 20-வது வாரத்தில் அதே கட்டி 7.2 செ.மீ. என்று வந்திருக்கிறது. பக்கத்தில் 2 செ.மீ. அளவில் இன்னொன்று. நடுவில், 19-வது வாரத்தில், இடுப்புக்கு மேலே ஒரே இடத்தில் இரண்டு நாள் தாங்க முடியாத வலி. உள்ளூரில் ஒரு வலி ஊசி போட்டிருக்கிறார்கள்.

"கட்டி குழந்தைக்குப் போற சாப்பாட்டை உறிஞ்சிக்கும், நீ படுக்கையை விட்டு எழுந்திருக்காதே" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டில் புற்றுநோயாக இருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். ஓரகத்தி, "கலைச்சுட்டு, கட்டியை எடுத்துட்டு, அப்புறமா பெத்துக்கலாம்" என்கிறார். கட்டியைக் கரைக்கும் கஷாயம் என்று ஒரு பாட்டில் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஒரு டாக்டர் சிசேரியன்தான், அப்போதே கட்டியையும் எடுத்துவிடலாம் என்றிருக்கிறார். கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் நிம்மதி என்று ஒரு உறவினர். இதற்கு நடுவே, ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அஞ்செட்டியில் இருந்து உள்ளே தள்ளி இருக்கும் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. கடிதத்தின் கடைசி வரி: "இந்தக் குழந்தை எனக்குக் கிடைக்குமா டாக்டர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஃபைப்ராய்டு கட்டியோடு கர்ப்பமாகும் பெண்களில் பெரும்பாலோர் பெரிய சிக்கல் இல்லாமல் குழந்தை பெறுகிறார்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டின்படி குழந்தையின் வளர்ச்சி வாரத்துக்குச் சரியாக இருக்கிறது, பனிக்குட நீர் போதுமான அளவு இருக்கிறது, கர்ப்பப்பை வாய் நீளமாக மூடியிருக்கிறது. நம்பிக்கையோடு இருங்கள். கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆனால் அது உங்கள் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் விஷயம் இல்லை. அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

புற்றுநோய் பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசையிலேயே உருண்டு திரளும் சாதாரணக் கட்டி. 30 வயதைத் தாண்டிய பெண்களிடம் மிகப் பரவலாக இருப்பது. இவற்றில் புற்றுநோய் என்று தெரியவருவது மிக மிக அரிது. குழந்தையின் சாப்பாட்டை அது உறிஞ்சுவதும் இல்லை. குழந்தைக்கு எல்லாம் நஞ்சுக்கொடி வழியாகப் போகிறது. கட்டி, கர்ப்பப்பைச் சுவரில் இருந்து தனக்கு வேண்டிய ரத்தத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் வழி வேறு.

6 செ.மீ. 7.2 ஆகிவிட்டதே என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பகால ஹார்மோன்களால் கட்டி கொஞ்சம் பெருக்கலாம். அது பெரும்பாலும் ஆரம்ப மாதங்களிலேயே நடந்து முடிந்துவிடும். அப்புறம் அப்படியே நிற்கும், சிலருக்குச் சுருங்கும். வேறு வேறு இடத்தில், வேறு வேறு கோணத்தில் அளக்கும்போதே சில மில்லிமீட்டர் கூடும், குறையும். பிரசவத்துக்குப் பிறகு பல கட்டிகள் தானாகவே நன்றாகச் சுருங்கிவிடுகின்றன.

கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது?

எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்கும் அளவுக்கு, எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. குழந்தை இருக்கும் அறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி ஆரம்பத்திலேயே கருச்சிதைவுக்குக் காரணமாகலாம். கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில், கீழே இருந்தால் குழந்தை இறங்கும் வழியை மறிக்கும். நஞ்சுக்கொடி கட்டியின் மேலேயே ஒட்டியிருந்தால், அது நேரத்துக்கு முன்னால் பிய்ந்து ரத்தம் போகும் ஆபத்து கூடுதல். வெளிப்பக்கம் இருக்கும் கட்டி பெரும்பாலும் தொந்தரவு தராது.

உங்களுடையது மேல்பகுதியில், பின்சுவரின் தசைக்குள் இருக்கிறது. நஞ்சுக்கொடி முன்சுவரில். அதாவது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று இல்லை, கீழே வழியும் மறிக்கவில்லை. இந்த இரண்டு வரியும் உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கின்றன. யாரும் உட்கார்ந்து உங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனாலும் இந்த அளவுக் கட்டிக்குக் கண்காணிப்பு வேண்டும். குழந்தை தலை திரும்பாமல் குறுக்காகவோ காலை நீட்டியோ இருக்கலாம். குறைமாதத்தில் வலி எடுக்கலாம். உங்கள் வயிறு மாதத்துக்கு மீறிப் பெரிதாகத் தெரிவதால் "ரெட்டையா?" என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நர்சம்மா டேப் வைத்து அளக்கும்போது கட்டியும் சேர்ந்து அளவில் வந்துவிடும். குழந்தை சரியாக வளராவிட்டாலும் வெளியே தெரியாது. அதனால் 28, 32, 36 வாரங்களையொட்டி வளர்ச்சி ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் குழந்தைக்குக் கதிர்வீச்சு என்று மாமியார் பயப்பட வேண்டாம். அது ஒலி அலை, எக்ஸ்ரே கிடையாது.

படுத்தே இருப்பதால் கட்டி சுருங்காது, குறைப்பிரசவமும் தடுக்கப்படாது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும். கனமான தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். மற்றபடி எழுந்து நடங்கள், வீட்டு வேலையை உடம்புக்கு ஏற்றபடி செய்யுங்கள்.

அந்த வலியும், அந்த ஊசியும்

19-வது வாரத்தில் வந்தது, நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால், கட்டியின் வலி. வேகமாக வளர்ந்த கட்டிக்கு நடுவில் ரத்த ஓட்டம் போதாமல் போய், உள்ளே இருக்கும் திசு சிதையும். 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளில், நடு மாதங்களில் இது வருவது வழக்கம். ஒரே இடத்தில் குத்தும், தொட்டால் வலிக்கும், லேசான காய்ச்சலும் வாந்தியும் வரலாம். சில நாளில் இருந்து இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

ஓய்வு, நிறையத் தண்ணீர், மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால், இவற்றிலேயே பலருக்குச் சரியாகிவிடும். அடங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்ப்போம். உங்களுக்குப் போட்டது டைக்ளோஃபினாக் ஊசி என்று சீட்டில் தெரிகிறது. அன்று போட்ட ஒரு ஊசியை நினைத்துக் கலங்காதீர்கள். அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் நீர் சரியாக இருக்கிறது. ஆனால் இனிமேல் கடையிலோ கிளினிக்கிலோ அந்த ஊசியையோ, அந்த வகை மாத்திரையையோ வாங்காதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு அது பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டித் திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக் குழாயை முன்கூட்டியே மூட வைக்கலாம். தேவை என்றால் பிரசவ மருத்துவர் கணக்குப் பார்த்துச் சில நாளுக்கு மட்டும் கொடுப்பார்.

வலி ஒரே இடத்தில் இல்லாமல், வயிறு முழுக்கப் பலகை மாதிரி இறுகினால், அது வேறு. நஞ்சு பிரிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ரத்தம் வெளியே வராமலே அப்படி நடக்கலாம். அந்த வலியோடு வீட்டில் ஒரு மணி நேரம்கூட இருக்காதீர்கள். ரத்தமோ நீரோ போனாலும், விட்டு விட்டு வலி எடுத்து நெருங்கினாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் அதே அவசரம்தான், 108-ஐக் கூப்பிடுங்கள். 34 வாரத்துக்கு முன்னால் பிரசவ வலி எடுத்தால், குழந்தையின் நுரையீரல் முதிர ஊசி போடுவோம். அதற்கு நேரம் வேண்டும். சீக்கிரம் வந்தால்தான் அந்த நேரம் கிடைக்கும்.

கஷாயம் பற்றி ஒரே வரி: கட்டியைக் கரைப்பதாக நிரூபிக்கப்பட்ட கஷாயம் எதுவும் இல்லை, அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது, திறக்காதீர்கள்.

கலைக்கச் சொல்கிறார்கள் என்றால்

ஓரகத்தி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் மருத்துவக் கணக்கில் அது தப்பு. ஆரோக்கியமாக வளரும் குழந்தையை இந்தக் கட்டிக்காகக் கலைக்க வேண்டிய அவசியம் துளியும் இல்லை. 22 வாரத்தில் கலைப்பதும் ஒரு பிரசவம் மாதிரிதான். அதிலும் ரத்தப்போக்கு உண்டு. கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தால் கர்ப்பப்பையில் தழும்பு இருக்கும், பல மாதம் காத்திருக்க வேண்டும், அடுத்த பிரசவம் சிசேரியனாக வாய்ப்பு அதிகம். 6 வருடம் காத்திருந்து வந்த குழந்தை இது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 1971-ம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. அதன்படி 20 வாரத்தைத் தாண்டிவிட்டால், 24 வாரம் வரை, சட்டம் குறிப்பிடும் சில நிலைமைகளில் மட்டும், இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொண்டால்தான் கலைக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலே, 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் வேண்டும். கணவரோ மாமியாரோ உங்களுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. உங்கள் விருப்பம் இல்லாமல் கலைப்பது குற்றம். வீட்டில் சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. முடிவு உங்கள் கையில் இருக்கிறது என்ற தெளிவு உங்களுக்கு வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சிசேரியன்தானா, கட்டியையும் சேர்த்து எடுப்பதா?

கட்டி இருக்கிறது என்பதற்காகவே சிசேரியன் என்று 22-வது வாரத்தில் முடிவு கட்ட வேண்டியதில்லை. 36 வாரத்தில் குழந்தையின் தலை கீழே இருந்து, வழி மறிக்காமல் இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். குறுக்காக இருந்தால் சிசேரியன்தான் நல்லது. அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

சிசேரியன் நேரத்திலேயே கட்டியை எடுப்பதில் நான் தயங்குவேன். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. அந்த நேரத்தில் சுவருக்குள் ஆழமாக இருக்கும் 7 செ.மீ. கட்டியில் கத்தி வைத்தால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. காம்போடு வெளியே தொங்கும் கட்டி, அல்லது வெட்டும் கோட்டிலேயே குறுக்கே நிற்கும் கட்டி என்றால் அனுபவமுள்ளவர்கள் எடுப்பார்கள். உங்களுடையது அப்படி இல்லை. பிரசவம் முடிந்து 6 மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தொந்தரவு இருந்தால் அப்போது யோசிக்கலாம். கர்ப்பப்பையை எடுப்பது என்ற பேச்சே வேண்டாம். ரத்தம் நிற்காமல் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் கடைசி வழியாகச் செய்வது அது. ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

என்னைக் கவலைப்பட வைத்த எண்

7.2 என்ற எண்ணைவிட, உங்கள் கடிதத்தில் ஓர் ஓரத்தில், ஒரே ஒருமுறை வரும் 9.1 என்ற எண்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. உங்கள் ஹீமோகுளோபின்.

கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்த சோகை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாதவிடாய் 8, 9 நாள் கட்டி கட்டியாகப் போகும், உடம்புச் சூடு என்று விட்டுவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். சூடு இல்லை சகோதரி, அநேகமாக இந்தக் கட்டிதான். வருடக்கணக்காக உங்கள் ரத்தம் அப்படிப் போயிருக்கிறது. அந்தக் குறையோடுதான் கர்ப்பமாகியிருக்கிறீர்கள்.

இது ஏன் முக்கியம்? குழந்தையும் நஞ்சும் வெளியே வந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்க வேண்டும். அந்தச் சுருக்கம்தான் நஞ்சு ஒட்டியிருந்த இடத்து ரத்தக் குழாய்களை நெரித்து மூடும். சுவருக்குள் ஒரு கட்டி கல் மாதிரி உட்கார்ந்திருந்தால் சில சமயம் அந்தப் பிடி தளரும், ரத்தம் கொட்டும். ஹீமோகுளோபின் 12 இருக்கும் பெண் தாங்கும் ரத்த இழப்பை 8 இருக்கும் பெண்ணால் தாங்க முடியாது. உங்கள் கட்டியைவிடப் பெரிய கட்டியோடு வந்து சுகமாகப் பெற்றுப் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். சின்னக் கட்டிதான், ஆனால் ஹீமோகுளோபின் 7-ல் வந்து எங்களை விடிய விடிய நிற்க வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். கட்டியின் அளவை இப்போது யாரும் மாற்ற முடியாது. ரத்தத்தின் அளவை மாற்றலாம். கையில் இன்னும் 4 மாதம் இருக்கிறது.

மலச்சிக்கலாக இருக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள். கறுப்பாகப் போவது அந்த மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம். உங்கள் அளவுக்குத் தினம் இரண்டு மாத்திரை தேவைப்படும். செவிலியரிடம் கேட்டு மறுபடி தொடங்குங்கள். டீ, காபியோடு சேர்க்காதீர்கள். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூடவே எடுத்தால் சத்து நன்றாகச் சேரும். குடற்புழு மாத்திரை போட்டீர்களா என்றும் கேளுங்கள். தினம் கேழ்வரகுக் களி சாப்பிடுகிறேனே என்கிறீர்கள். களி நல்லதுதான், சுண்ணாம்புச் சத்துக்கு அதைப் போல வேறு தானியம் இல்லை. ஆனால் அதில் இருக்கும் இரும்பு உடம்பில் அவ்வளவாகச் சேராது. கீரை, முட்டை, முடிந்தால் ஈரல் தவிர்த்த கறி, மீன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறவில்லை என்றால் காத்திருக்காமல் நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றிக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம்.

அஞ்செட்டிக்குப் போகலாமா?

தாய் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. முதல் பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இல்லாமல் எப்படி? ஆனால் நீங்கள் சொல்லும் ஊரில் இருந்து ரத்த வங்கியும் இரவு மயக்க மருத்துவரும் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வர, காட்டுச் சாலையில் வர வேண்டும். ராத்திரியில் யானை நடமாட்டம் இருக்கும் பாதை அது. ரத்தப்போக்கு தொடங்கிவிட்டால் எங்களுக்கு மணிக்கணக்கில் நேரம் இருக்காது. பாலக்கோட்டில் இருந்து அந்த வசதிகள் இருக்கும் தருமபுரி சுமார் 25 கிலோமீட்டர்தான். அதனால் வளைகாப்பை ஆசை தீர நடத்துங்கள், வளையல் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நீங்கள் அங்கே போகாமல் உங்கள் அம்மாவை இங்கே வரவழையுங்கள். சம்பிரதாயம் என்று பெரியவர்கள் தயங்கினால், டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று இந்தப் பத்தியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

பெங்களூர் தனியார் ஆஸ்பத்திரிக்காகக் கடன் வாங்க உங்கள் கணவர் அலைகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 24 மணி நேரமும் பிரசவ அவசரத்தைக் கவனிக்கும் சீமாங்க் பிரிவும், ரத்த வங்கியும், குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சையும் இருக்கின்றன. ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் சிசேரியன், மருந்து, ரத்தம், பரிசோதனை, வண்டி எதற்கும் காசு இல்லை. அங்கே கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டிய பாதுகாப்பு அங்கே இருக்கிறது. கடன் வாங்கும் எண்ணத்தைக் கணவர் இப்போதைக்குத் தள்ளி வைக்கட்டும்.

ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடக்கும். வரும் 9-ம் தேதி போய், சிக்கலான கர்ப்பம் என்று உங்கள் அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் ரத்த வகையைக் கடிதத்தில் எழுதவில்லை. அது நெகட்டிவ் என்றால் 28-வது வாரத்தில் ஒரு ஊசி உண்டு, கேளுங்கள். எந்த வகையாக இருந்தாலும் அதே வகை ரத்தம் உள்ள இரண்டு சொந்தக்காரர்களை இப்போதே சொல்லி வையுங்கள். கணவர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு உங்களோடு வரட்டும். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்), இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, அந்த வலி ஊசி போட்ட சீட்டு, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். பிரசவம் முடியும் வரை அந்தப் பை எப்போதும் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.